ரேடார் கன்னும் உரைகல்லும்

பேஸ்பால் பந்து ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். ஓங்கி எறிய வேண்டும். எறியும் வேகத்தை ரேடார் கன் அளக்கும். அதிக வேகத்தில், குறியும் தவறாமல் எறிபவருக்கு டாலரில் பரிசு, கூடவே அமெரிக்கப் பயணம். ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற பெயரில் நம் நாட்டு நகரங்களில் நடந்து 2008ல் முடிந்த இந்தப் போட்டிக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல் வந்து கை வீசிப் பார்த்தார்கள். நடத்தியவர் ஜே.பி. பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க விளையாட்டு ஏஜென்ட். நூறு கோடி மக்கள், அத்தனை பேருக்கும் கிரிக்கெட் பித்து, இதில் ஒரு நல்ல கையாவது கிடைக்காமலா போகும் என்பது அவருடைய கணக்கு.

கை கிடைத்தது, ஆனால் அது கிரிக்கெட் கை அல்ல. முன்னுக்கு வந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் உத்தரப்பிரதேசத்துக்காரர்கள், ஈட்டி எறிபவர்கள். கிரிக்கெட் பந்துவீச்சில் முழங்கையை மடக்கி நீட்டக் கூடாது; பேஸ்பாலில் மடக்கி நீட்டினால்தான் வேகம். முதலிடம் பெற்ற ரிங்கு சிங்கின் பந்து மணிக்கு 87 மைலைத் தொட்டது. ஏறக்குறைய 140 கிலோமீட்டர். பரிசு ஒரு லட்சம் டாலர். அமெரிக்காவில் சில மாதப் பயிற்சிக்குப் பின், 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2014ல் டிஸ்னி இதைப் படமாக்கியது. இசை ஏ.ஆர். ரஹ்மான்.

படம் ஒப்பந்தத்தோடு முடிந்துவிடுகிறது. வாழ்க்கையில் தினேஷ் படேலை அணி இரண்டே ஆண்டுகளில் விடுவித்தது. ரிங்கு சிங் கீழ்நிலை லீக்குகளில் சில ஆண்டுகள் ஆடினார். பிறகு முழங்கைக் காயம், அறுவைச் சிகிச்சை. மேஜர் லீக் ஆடுகளத்தில் இருவருமே கால் வைக்கவில்லை. ரிங்கு சிங் 2018ல் மல்யுத்தக் காட்சிகளுக்குப் போய், ‘வீர் மஹான்’ என்ற பெயரில் நெற்றி நிறையத் திருநீறோடு டி.வி.யில் வந்தார்.

இப்படித் தேடிப் பிடிக்கப்படும் இளைஞனுக்கு ஆங்கிலத்தில் ‘பிராஸ்பெக்ட்’ என்று பெயர். மொழிபெயர்ப்பாளனைத் திணற வைக்கும் சொல். ‘எதிர்கால நம்பிக்கை’ என்றால் தேர்தல் போஸ்டர் மாதிரி இருக்கிறது. ‘வாய்ப்புள்ளவர்’ என்றால் வேலைவாய்ப்பு அலுவலக வாடை. நம் ஊர் பி.டி. வாத்தியார்கள் இதற்கு ஒரு நல்ல சொல் வைத்திருக்கிறார்கள்: ‘தேறுவான்’. இன்றைக்கு அவன் ஒன்றும் இல்லை, ஆனால் தேறுவான். பார்க்கிறவரின் கணிப்பும் துணிச்சலும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன.

ஆங்கிலச் சொல்லுக்கு இன்னொரு வீடு உண்டு. மண்ணுக்குள் தங்கம் இருக்கிறதா என்று தேடுவதும் பிராஸ்பெக்டிங்தான். கோலார் தங்கவயலின் வடக்கு ஓரத்தில் இருக்கும் பாலகாட்டில் நின்றுகொண்டு இந்த இரண்டு தேடல்களையும் சேர்த்து யோசிக்காமல் இருக்க முடியாது. கண்ணுக்கு எதிரே சயனைடு மேடு. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு மண், குன்று குன்றாக. அதன் அடிவாரத்தில் பையன்கள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். தாத்தாக்கள் வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்தவர்கள். வேலை தந்த சுரங்கம் 2001 பிப்ரவரி 28ல் மூடப்பட்டுவிட்டது.

இங்கே தங்கம் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது? 1802ல் நில அளவைக்கு வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், இந்தப் பக்கத்து மண்ணில் தங்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, கொண்டு வந்து காட்டுபவருக்குப் பரிசு என்று அறிவித்தார். கிராமத்தார் வண்டியில் மண்ணை ஏற்றி வந்து அவர் கண்ணெதிரே அலசிக் காட்டினார்கள். வாரன் எழுதி வைத்ததைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்த லாவெல் என்ற ஓய்வுபெற்ற சிப்பாய், 1870களில் மைசூர் அரசிடம் அனுமதி வாங்கித் தோண்ட ஆரம்பித்தார். 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. பணம் கரைந்துகொண்டே போனது. தங்கம் கண்ணில் படவில்லை. பங்குதாரர்கள் கைகழுவிவிடலாம் என்று நினைத்த நேரத்தில், பிளம்மர் என்ற சுரங்க அதிகாரி, உள்ளூர் ஆட்கள் எந்தக் காலத்திலோ தோண்டிவிட்டுப் போன பழைய குழிகளைப் பின்பற்றிக் கீழே போனார். சாம்பியன் ரீஃப் கிடைத்தது. நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த வயலின் முதுகெலும்பு அதுதான். தேட வந்தவர்களுக்கு வழி காட்டியது உள்ளூர்க்காரனின் மண்வெட்டிச் சுவடு.

அமெரிக்க பேஸ்பால் அணிகள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆள் தேடுகின்றன. 1965லிருந்து அதற்கு ‘டிராஃப்ட்’ என்ற முறை உண்டு. பள்ளி, கல்லூரிகளில் ஆடும் அமெச்சூர் இளைஞர்களை அணிகள் வரிசை முறைப்படி ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். இப்போது 20 சுற்றுகள். அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ தவிர மற்ற நாட்டவர்களை அணிகள் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். நம் ஈட்டிக்காரர்கள் போனது அந்த வாசல் வழியாக.

ஸ்கவுட் என்று அழைக்கப்படும் தேடுநர்கள் மதிப்பெண் போடும் விதம் சுவாரஸ்யமானது. பந்தை அடிப்பது, அடியின் வலு, ஓட்டம், எறியும் கை, தடுப்பாட்டம் என்று ஐந்து திறமைகள். பந்து எறிபவர்களுக்குத் தனிப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் 20லிருந்து 80க்குள் மதிப்பெண். 50 என்றால் மேஜர் லீகில் சராசரி. விசேஷம் என்னவென்றால், ஒவ்வொரு திறமைக்கும் இரண்டு மதிப்பெண்கள்: இன்றைக்கு எவ்வளவு, நாளைக்கு எவ்வளவு. முதலாவதைக் கருவி சொல்லிவிடும். இரண்டாவதைச் சொல்ல மனிதன்தான் வேண்டும். பதினேழு வயதுப் பையனின் தோள் இன்னும் விரியுமா, தோற்ற நாளின் மறுநாள் பயிற்சிக்கு எத்தனை மணிக்கு வருகிறான், முட்டி வலியை மறைக்கிறானா. இதெல்லாம் ஒரு காலைப் பொழுதில் தெரிகிற சங்கதியா?

அவர்களும் அமோகமாகக் கோட்டை விட்டிருக்கிறார்கள். 1991ல் நியூயார்க் யாங்கீஸ் அணி முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்த பிரையன் டெய்லருக்குப் பதினைந்தரை லட்சம் டாலர் கொடுத்தது. 1993ல் ஒரு கைகலப்பில் தோளைக் கெடுத்துக்கொண்ட அவர் மேஜர் லீகில் ஒரு பந்துகூட எறியவில்லை. மாறாக, 1988ல் மைக் பியாஸா தேர்வானது 62வது சுற்றில், 1,390வது ஆளாக. அதுவும் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் மேலாளர் அப்பாவுக்கு நண்பர் என்பதால் காட்டப்பட்ட சலுகை. அந்தச் சிபாரிசுப் பையன் 2016ல் ஆட்டத்தின் மிக உயர்ந்த கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்றார். (சிபாரிசுக்கு ஆதரவாக இதை யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம்.) 1980ல் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்ட பில்லி பீனிடம் ஐந்து திறமைகளும் இருப்பதாக ஸ்கவுட்டுகள் சத்தியம் செய்தார்கள். ஆட்டக்காரராக அவர் சோபிக்கவில்லை. பின்னாளில் ஓக்லண்ட் அணியின் நிர்வாகியாகி, உடற்கட்டைப் பார்த்து ஆள் எடுக்கும் வழக்கத்தையே கேள்வி கேட்டார். ஒருவன் களத்தில் என்ன செய்திருக்கிறான் என்ற கணக்கைப் பார் என்றார். 2003ல் வந்த ‘மனிபால்’ என்ற புத்தகம் இவரைப் பற்றியதுதான்.

தமிழ் படித்தவனுக்கு இங்கே திருக்குறளின் 51ஆம் அதிகாரம் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியாது. ‘தெரிந்து தெளிதல்’. ஆளை எப்படி ஆராய்ந்து தேர்ந்தெடுப்பது என்பதற்குப் பத்துக் குறள்; எடுத்தவனிடம் வேலையை எப்படி ஒப்படைப்பது என்பதற்கு அடுத்த அதிகாரத்தில் இன்னும் பத்து. இரண்டும் தனித்தனி வேலைகள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒருவனின் பெருமையையும் சிறுமையையும் உரசிப் பார்க்க அவன் செயலைத்தான் உரைகல்லாகச் சொல்கிறார். அவர் ஆளும் சொல் ‘கட்டளைக்கல்’. பொற்கொல்லர் பட்டறையிலிருந்து எடுத்த அந்தக் கல் தங்கவயலுக்குப் பொருத்தமானது. பில்லி பீனுக்கு யாராவது மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கலாம்.

செயலைப் பார்க்க வேண்டுமானால் செயல் நடக்கும் இடத்தில் ஆள் இருக்க வேண்டும். அமெரிக்காவில் அதற்கு ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு வட்டாரத்திலும் சம்பளம் இல்லாத உளவாளிகள்: பள்ளிக் கோச், முடிதிருத்துபவர், தபால்காரர், யாராகவும் இருக்கலாம். பையன் ஒருவன் கண்ணில் பட்டால் ஸ்கவுட்டுக்குத் தகவல் சொல்வார்கள். பையன் ஒப்பந்தமானால் அவர்களுக்கு ஒரு சிறு தொகை. ‘பேர்ட் டாக்’ என்று செல்லப் பெயர். பறவை பதுங்கியிருக்கும் புதரை வேட்டைக்காரனுக்குக் காட்டிக்கொடுக்கும் நாய். பெயரில் மரியாதை குறைவுதான். ஆனால் நாயின் மூக்கு இல்லாமல் துப்பாக்கியால் ஒன்றும் ஆகாது.

பெர்ன்ஸ்டீனின் போட்டியில்கூட இந்த மூக்கு ஒளிந்திருக்கிறது. ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் தெருவிலிருந்து வந்தவர்கள் அல்ல. லக்னோவில் அரசு நடத்தும் விளையாட்டுக் கல்லூரியின் மாணவர்கள். கிராமத்தில் எவரோ ஒருவர் ஏற்கெனவே ‘தேறுவான்’ என்று சொல்லி அனுப்பியதால்தான் அங்கே இருந்தார்கள். ரேடார் கன் இரண்டாவதாகத்தான் பார்த்தது.

நமக்கு இன்னும் பக்கத்து உதாரணம் டி. நடராஜன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. இருபது வயது வரை டென்னிஸ் பந்து மட்டும்தான். ஊரில் ஜெயப்பிரகாஷ் என்ற அண்ணன் அவரைக் கவனித்து, சென்னை லீக் ஆட்டங்களுக்குக் கூட்டிவந்தார். 2015ல் ரஞ்சி கோப்பைக்கு ஆடியதுமே பந்துவீசும் முறையில் சந்தேகம் என்று புகார். கை அசைவை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். 2016ல் தொடங்கிய டி.என்.பி.எல். போட்டிகளில் யார்க்கர்களாகப் போட்டுத் தள்ளினார். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் அணி கொடுத்தது 3 கோடி. சரி, கதை முடிந்ததா? அடுத்துப் போன ஹைதராபாத் அணியில் 2018, 2019 இரண்டு ஆண்டுகளும் ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. 2020ல் ஆடினார், அந்த ஆண்டு டிசம்பரிலும் 2021 ஜனவரியிலுமாக ஆஸ்திரேலியாவில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக இறங்கினார். ஊர் அண்ணன் கண்டுபிடித்ததற்கும் நாடு கண்டுபிடித்ததற்கும் இடையில் சுமார் பத்து ஆண்டுகள். இந்தப் பத்து ஆண்டுகளைத் தாங்கும் வீடுகள் எத்தனை?

பாலகாட் பையனுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல். வீட்டில் தமிழ், சுவரில் தமிழ் சினிமா போஸ்டர். ஆனால் இது கர்நாடகம். டி.என்.பி.எல். தமிழ்நாடு சங்கத்தில் பதிவு பெற்றவர்களுக்கு; சின்னப்பம்பட்டிக்குத் திறந்த கதவு இவனுக்குத் திறக்காது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, எல்லை எல்லைதான். இவன் போக வேண்டியது பெங்களூர். சுமார் 100 கிலோமீட்டர். சுரங்கம் மூடிய பிறகு தங்கவயல்காரர்கள் விடிவதற்கு முன்பே ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறார்கள். அதே ரயிலில், நிற்கக்கூட இடமில்லாத பெட்டியில், கிட் பையோடு பையன் ஏற வேண்டும். இறங்கி, பஸ் பிடித்து, மைதானம் சேர்ந்து, நூற்றுக்கணக்கானவர்களோடு வரிசையில் நின்று, கடைசியில் ஆறு பந்து போடுவான். அந்த ஆறு பந்துகளை வைத்து ஒருவனை எடை போடுபவர் மேதையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அவசரக்காரராக. பதினாறு வயதுக்குக் கீழே என்றால் எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயதைச் சரிபார்க்கும் நம் கிரிக்கெட் வாரியம், பையன் காலையில் எத்தனை மணிக்கு எழுந்து வந்தான் என்பதைக் குறித்துக்கொள்ள ஒரு கட்டம் வைத்திருக்கவில்லை.

ஒரே கல்லை எடுத்துப் பார்த்துவிட்டு ரீஃபின் தரத்தை யாரும் முடிவு செய்வதில்லை. குறிப்பிட்ட இடைவெளிகளில் பாறையைச் செதுக்கி, பையில் கட்டி, எண் போட்டு, அரைத்துச் சோதிக்க வேண்டும். தங்கவயலின் கடைசி ஆண்டுகளில் ஒரு டன் பாறைக்கு மூன்று, நான்கு கிராம் தேறினால் பெரிது. அந்த அளவுத் தங்கம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பொறுமை இந்த ஊருக்குப் பழக்கம்தான். விளையாட்டுச் சங்கங்களுக்குத்தான் புதிது.

செலவு பெரிதல்ல. மில்லியன் டாலர் வேண்டாம். தங்கவயலில் ஆட்டம் தெரிந்த ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள். சுரங்கக் காலத்தில் ஹாக்கியும் கால்பந்தும் ஆடி வளர்ந்தவர்கள். அவர்களில் ஐந்தாறு பேருக்கு மாதம் ஒரு சிறு தொகையும் ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்து, வாராவாரம் பார்த்ததை எழுதச் சொல்லலாம். கிரிக்கெட் என்று இல்லை, தடகளத்துக்கும் இதுவேதான். இன்றைக்கு எவ்வளவு, நாளைக்கு எவ்வளவு என்று இரண்டு மதிப்பெண்கள். பத்து ஞாயிற்றுக்கிழமைக் குறிப்புகள் சேர்ந்த பிறகு, பெங்களூரிலிருந்து தேர்வாளர் ஒருவர் புறப்பட்டு வரட்டும். எதிர்த் திசையில் போகும் ரயிலில் அவருக்கு உட்கார இடம் கிடைக்கும்.

வருவதானால் கொஞ்சம் சீக்கிரம் வர வேண்டும். பாலகாட்டில் ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் ஸ்டம்பு நட்டுவிடுகிறார்கள். பத்து மணிக்கு மேல் காற்று கிளம்பினால் சயனைடு மேட்டுத் தூசி மைதானத்தின் மேல் இறங்கும். ஆட்டத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.