சுரண்டிக் கடலிலேயே எறியலாமா?

பாறைக் கரைகளில் பாசிபோல் படரும் கடற்பீச்சிகள் தாவரமல்ல. பிராணிகளின் கூட்டுக் குடும்பம். (நானே பாசியென்று ஏமாந்ததுண்டு!) ஒவ்வொன்றும் கடுகளவு, எல்லாவற்றுக்கும் கொழகொழப்பான ஒரே போர்வை. குஞ்சு தலைப்பிரட்டைபோல் வாலுடன் நீந்தி, சில மணி நேரத்தில் ஓரிடத்தில் ஒட்டி, மொட்டுவிட்டுப் பெருகும்.

ஜப்பான் கரையைச் சேர்ந்த 'டைடெம்னம் வெக்ஸில்லம்' என்ற இனம் 2001-ல் நியூசிலாந்தில் தென்பட்டது. பின்னர் அங்கே சிப்பிப் பண்ணைக் கயிறுகளையும் மூடிற்று. நமது மன்னார் வளைகுடாவிலும் சிப்பிக் கூடுகளில் கடற்பீச்சிகள் ஒட்டுகின்றன.

சுரண்டிக் கடலில் எறிந்தால் போதும் என்பாருண்டு. நான் இதை ஏற்பதற்கில்லை. கோரையைக் கொத்திக் கிழங்கை வயலிலேயே விட்டால் என்னாகும்? அதே கதைதான்! நீரில் விழும் துண்டு வேறிடத்தில் ஒட்டி வளரும். கூலி கூடினாலும் கூடுகளைக் கரையேற்றியே சுரண்டுங்கள். சுரண்டியதை மேட்டில் வெயிலில் காயவிடுங்கள்.