நல்ல நித்திரை என்று நினைத்தாள் மகள்



அண்மையில் ஹெந்தளையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். 2009இல் வன்னியிலிருந்து வெளியேறி, முகாமிலும் இருந்து, இப்போது வாடகை அறையில் தாயாருடன் வசிக்கும் சகோதரி அவர். தாயார் ஒருநாளும் புகை பிடித்தவர் அல்லர். ஆனால் நாற்பது வருடம் விறகடுப்பை ஊதியவர். அந்தப் புகை அவருக்கு நாட்பட்ட சுவாசத் தடை நோயைக் கொடுத்துவிட்டது. வீட்டில் ஒட்சிசன் இயந்திரம் இருக்கிறது. ஒரு லீற்றரில் வைக்கும்படி டொக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஓர் இரவு தாயாருக்கு முட்டுக் கூடிவிட்டது. மகள் பயந்துபோய் நாலு லீற்றருக்குத் திருகிவிட்டார். விரலில் மாட்டும் கருவி 97 காட்டியது. அம்மாவின் முகம் சிவந்தது, கைகள் சூடாகின, அயர்ந்து உறங்கினார். "கனநாளைக்குப் பிறகு நல்ல நித்திரை எண்டு சந்தோசப்பட்டன் அன்ரி. விடிய எழுப்பினா எழும்பேல்லை" என்று சொல்லி அழுதார். 1990க்கு அழைத்து, அம்புலன்ஸில் கொண்டுபோய், வைத்தியசாலையில் இறுக்கமான முகமூடி வைத்து இயந்திரத்தால் சுவாசம் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் அம்மா பேசினார்.

தானே அம்மாவைக் கொல்லப் பார்த்ததாக மகள் இன்னும் நினைக்கிறார். முட்டுப்படுகிறவருக்குக் காற்றைக் கூட்டிக் கொடுக்கத்தானே எவருடைய கையும் போகும்?

நடந்தது இதுதான். நாம் மூச்சை உள்ளே இழுப்பது ஒட்சிசனுக்காக. வெளியே விடுவது காபனீரொட்சைட்டைக் கழிப்பதற்காக. அது கழியாமல் தேங்கினால் இரத்தத்தில் அமிலம் கூடும். இரத்தத்தின் பி.எச். அளவு 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்க வேண்டும். நுரையீரல் நிமிடத்துக்கு நிமிடம் இதைச் சரிசெய்யும். சிறுநீரகமும் உதவிக்கு வரும், ஆனால் அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். நுரையீரல் பழுதான சிலருக்கு ஒட்சிசனை அளவுக்கு மீறிக் கொடுத்தால் காபனீரொட்சைட்டு இன்னும் தேங்கி மூளையை மயக்கிவிடும். விரல் கருவி ஒட்சிசனைத்தான் காட்டும், இதைக் காட்டாது. அதனால்தான் இப்படிப்பட்டவர்களுக்கு 88 முதல் 92 வரை போதும் என்கிறார்கள். உங்கள் நோயாளிக்கு எவ்வளவு என்று கிளினிக்கில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய டொக்டர்மாரும் இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறார்கள். 1952இல் டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரில் போலியோ பரவியபோது, நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தவர்கள் காரம் கூடிவிட்டது என்று எண்ணினார்கள். பியோன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர், இல்லை, காபனீரொட்சைட்டுத் தேங்கி நிற்கிறது என்றார். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் குழாய் வைத்து, கையால் பையை அமுக்கிச் சுவாசம் கொடுத்து அதை நிரூபித்தார். பிறகு ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாகப் பைகளை அமுக்கினார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அங்கிருந்து வளர்ந்தவையே.

நம் வீட்டுக்கு வருவோம். முட்டு வரும்போது நோயாளியை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். மேசையில் தலையணை வைத்து, அதில் கைகளை ஊன்றி முன்னால் சாய்ந்து இருக்கச் செய்யுங்கள். மூக்கால் இழுத்து, விளக்கை ஊதுவது போல உதட்டைக் குவித்து மெதுவாக விடச் சொல்லுங்கள். ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள், அவருக்குத் தெரியாமல். தெரிந்தால் மூச்சு மாறிவிடும். வளர்ந்தவர் ஆறுதலாக இருக்கையில் 12 முதல் 20 வரை இருக்கும். காலையில் தலையிடி, உளறல், கையை நீட்டினால் படபடவென்று ஆடுதல், எழுப்ப முடியாத தூக்கம் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே 1990. ஒட்சிசனைக் கூட்டியிருந்தால் எழுதிக் கொடுத்த அளவுக்குக் குறையுங்கள். பயத்தில் முற்றாக நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து. நித்திரைக் குளிசையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். சாமி விளக்கையும் அடுப்பையும் ஒட்சிசனுக்குக் கிட்ட வைக்கவே கூடாது.

மூச்சு வாங்குவதெல்லாம் நெஞ்சு வருத்தமும் அல்ல. நீரிழிவுக்காரர் வாந்தி, வயிற்றுவலியுடன் ஆழமாக, வேகமாக மூச்செடுத்தால் இரத்தத்தில் அமிலம் கூடியிருக்கலாம்; இன்சுலினை நிறுத்தாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுங்கள். கடும் வயிற்றோட்டத்திலும் உடம்பு காரத்தை இழக்கும். ஜீவனி கரைத்துக் கொடுத்தபடியே போங்கள்.

இன்னொன்று நம்மில் பலருக்குத் தெரிந்தது. வெடிச் சத்தம் கேட்டதும் நெஞ்சு படபடத்து, மூச்சு வேகமாகி, விரலும் உதடும் விறைக்கும். இங்கே காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. பக்கத்தில் இருந்து கையைப் பிடித்து, மெல்ல மெல்ல மூச்சுவிடச் சொல்லுங்கள். கடதாசிப் பையை முகத்தில் பிடிக்கும் பழைய வழக்கம் வேண்டாம். அது ஆஸ்துமாவாகவோ மாரடைப்பாகவோ இருந்தால் உயிருக்கே ஆபத்து. முதல் தடவை வந்தால் டொக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

ஹெந்தளை, வத்தளைப் பக்கத்துச் சகோதரிகளுக்கு வெலிசறையில் உள்ள சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலை தூரமில்லை. விறகடுப்புக்காரரான நீங்களும் நாட்பட்ட இருமல் இருந்தால் காட்டுங்கள். அம்மாவுக்குத்தான் வருத்தம் என்று இருந்துவிடாதீர்கள்.

நான் புறப்படும்போது அந்த மகள் இயந்திரத்தைக் காட்டினார். ஒரு லீற்றர் கோட்டில் திருகியின் மேல் பிளாஸ்டர் ஒட்டியிருந்தார். அம்மா கதிரையில் இருந்து, தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று ஏசிக்கொண்டிருந்தார்.