வீடு வாசலோடு முடிவதில்லை!

பொழுது விடிந்ததும் வாசலைக் கூட்டுகிறோம். தண்ணீர் தெளிக்கிறோம். கோலம் போடுகிறோம். வீடு பளிச்சென்று இருக்கிறது.

கூட்டிய குப்பை எங்கே போகிறது?

தெரு முனைக்குப் போகிறது. இல்லாவிட்டால், ஆள் இல்லாத காலி மனைக்குப் போகிறது. அதுவும் இல்லாவிட்டால் சாக்கடைக்குள் போகிறது.

"என் வீடு சுத்தம். தெருவைப் பற்றி எனக்கு என்ன?" என்று பலர் நினைக்கிறார்கள். இந்த நினைப்புக்கு நாம் கொடுக்கும் விலை மிகப் பெரியது.

கொசுவுக்குச் சுவர் உண்டா?

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை. நல்ல தண்ணீரில்தான் பிறக்கிறது. காலி மனையில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, உடைந்த குடம், பழைய டயர் ஆகியவற்றில் தேங்கிய மழைத் தண்ணீர் அதற்குப் போதும். முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாட்கள்தான் ஆகும்.

தண்ணீர் வற்றினாலும் முட்டை சாகாது. பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக் கணக்கில் காத்திருக்கும். அடுத்த மழை வந்ததும் பொரிந்துவிடும்.

இந்தக் கொசு நெடுந்தூரம் பறப்பதும் இல்லை. பெரும்பாலும் பிறந்த இடத்தைச் சுற்றியே திரியும். அப்படியானால் உங்கள் குழந்தையைக் கடிக்கும் கொசு எங்கே பிறந்தது? உங்கள் வீட்டிலோ, நாலு வீடு தள்ளியோதான் பிறந்திருக்கும்!

உங்கள் தொட்டியை நீங்கள் மூடி வைத்தால் மட்டும் போதாது. எதிர் வீட்டுத் தொட்டியும் மூடியிருக்க வேண்டும். கொசு விஷயத்தில் தெரு முழுவதும் ஒரே வீடுதான்.

குப்பை மலைகள்

சென்னை நகரில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேருகிறது. பல ஆண்டுகளாக அதைத் தெற்கே பெருங்குடியிலும் வடக்கே கொடுங்கையூரிலும் கொட்டினார்கள். குப்பை மலையாகக் குவிந்தது. அது தீப்பிடித்த நாட்களில் சுற்றிலும் குடியிருப்பவர்கள் புகையில் மூச்சுத் திணறினார்கள்.

பெருங்குடியில் குப்பை கொட்டிய இடம் சுமார் 225 ஏக்கர். அது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி. தென்சென்னையின் மழை வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளும் இடம் அது. வெள்ளம் தங்க வேண்டிய இடத்தில் குப்பை தங்கினால், வெள்ளம் எங்கே போகும்? ஊருக்குள் வரும்!

இந்தப் பழைய குப்பையை இயந்திரம் வைத்துத் தோண்டி, சலித்து, பிரிக்கும் வேலையை மாநகராட்சி தொடங்கியது. இதற்குப் பல நூறு கோடி ரூபாய் செலவு. வீட்டில் ஒரு நிமிஷத்தில் பிரித்திருக்கலாம். அதைச் செய்யாததால், கோடிக் கணக்கில் கொட்டிக் கொடுத்துப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அது யார் பணம்? நம் வரிப் பணம்.

இரண்டு கூடை

வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ பாதி, காய்கறித் தோலும் மீந்த சோறும்தான். தனியாக இருந்தால் அது உரம். காகிதம், அட்டை, பாட்டில் ஆகியவை தனியாக இருந்தால் காசு. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் உரமும் போயிற்று, காசும் போயிற்று. மிஞ்சுவது நாற்றம் ஒன்றுதான்.

ஆகவே வீட்டில் இரண்டு கூடை வேண்டும். ஒன்று மக்கும் குப்பைக்கு. மற்றொன்று மக்காத குப்பைக்கு. பிளேடு, ஊசி, உடைந்த கண்ணாடி, நாப்கின் ஆகியவற்றைத் தனியே காகிதத்தில் சுற்றிக் கொடுக்க வேண்டும். குப்பையை வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு விதி செய்தது. ஆனால் விதி காகிதத்தில் இருந்தால் போதுமா? அடுக்களைக்கு வர வேண்டாமா?

அந்தக் கையை நினையுங்கள்

நாம் சோற்றோடு சேர்த்துக் கட்டிப் போடும் கண்ணாடித் துண்டு ஒரு மனிதரின் கையைக் கிழிக்கிறது. சாக்கடையில் போடும் துணியும் பிளாஸ்டிக்கும் குழாயை அடைக்கின்றன. அடைப்பு எடுக்க மனிதனைப் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் உள்ளே இறக்கக்கூடாது என்று 2013-ல் சட்டம் வந்தது. அதன் பிறகும் சாவு நிற்கவில்லை. அப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

2025 ஆகஸ்டு மாதம் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் இரவு பகலாகப் போராடினார்கள். தங்கள் வேலையைத் தனியாரிடம் ஒப்படைக்கக்கூடாது என்பது அவர்கள் கோரிக்கை. ஊரைச் சுத்தம் செய்கிறவருக்கு நிலையான வேலையும் நியாயமான சம்பளமும் வேண்டும். அவர் வயிறு காய்ந்தால் ஊர் எப்படிச் சுத்தமாகும்?

சூரத் கற்ற பாடம்

1994-ல் குஜராத்தில் உள்ள சூரத் நகரில் பிளேக் நோய் தலைகாட்டியது. பயந்துபோன மக்கள் லட்சக் கணக்கில் ஊரைவிட்டு ஓடினார்கள். குப்பையும் தேங்கிய சாக்கடையும் நிறைந்த ஊர் அது.

1995-ல் எஸ். ஆர். ராவ் என்பவர் மாநகராட்சி ஆணையராக வந்தார். அதிகாரிகள் அறையில் உட்கார்ந்திருக்கக்கூடாது, தினமும் தெருவில் இறங்கிப் பார்க்க வேண்டும் என்றார். குப்பை போட்டவர்களுக்கு அபராதம் விதித்தார். இரண்டே ஆண்டுகளில் இந்தியாவின் சுத்தமான நகரங்களில் ஒன்று என்று சூரத் பெயர் வாங்கியது. அதே ஊர்தான். அதே மக்கள்தான்!

நம் ஊரிலும் நடந்தது

இதற்குச் சூரத் வரை போக வேண்டியது இல்லை. 1989-ல் எம். பி. நிர்மல் என்ற வங்கி அதிகாரி சென்னையில் "எக்ஸ்னோரா" இயக்கத்தைத் தொடங்கினார். தெருக்காரர்கள் ஒன்றுகூடி மாதம் ஒரு சிறு தொகை போட்டார்கள். ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அவர் மூன்று சக்கர வண்டியில் வீடு வீடாக வந்து குப்பையை வாங்கிக்கொண்டார். பிறகு வீடு தேடி வந்து குப்பை எடுக்கும் வேலையை மாநகராட்சியே ஏற்றது. அதற்கு வழி காட்டியது சாதாரணத் தெருக்காரர்களின் ஒற்றுமை.

யார் பொறுப்பு?

சாலை, சாக்கடை, தெரு விளக்கு ஆகியவை அரசின் பொறுப்பு. இதில் சந்தேகம் இல்லை. விளக்கு எரியாத மூலையில்தான் குப்பையும் சேருகிறது, திருடனும் நிற்கிறான். வேலை முடித்து இரவில் திரும்பும் பெண்கள் அந்த மூலையைத் தாண்டப் பயப்படுகிறார்கள்.

ஆனால் விளக்கு எரியவில்லை என்று யாராவது சொன்னால்தானே அதிகாரிக்குத் தெரியும்? சென்னையில் 1913 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம். "வேறு யாராவது சொல்லுவார்கள்" என்று எல்லோரும் இருந்தால், ஒருவரும் சொல்ல மாட்டார்கள். தெருக்காரர்கள் சேர்ந்து எழுதிக் கேட்டால் தட்டிக் கழிப்பது கடினம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை

உங்கள் தெருவில் பத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிடுங்கள். மாடிக்கும் கொல்லைக்கும் காலி மனைக்கும் போய்ப் பாருங்கள். தண்ணீர் தேங்கிய சிரட்டையைக் கவிழ்த்துவிடுங்கள். எரியாத விளக்குகளை எண்ணிப் புகார் எழுதுங்கள். குழந்தைகளையும் உடன் அழைத்துப் போங்கள். அவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

இதற்கு ஒரு மணி நேரம் போதும். பணம் வேண்டாம். "இது நம் தெரு" என்ற எண்ணம் மட்டும் வேண்டும்!