முதல் வேலைக்கு மாணவரிடம் பணம் வாங்கக் கூடாது
நிதித்துறை வேலைகளும் கன்சல்டன்சிகளும்: எங்கள் நிலைப்பாடு

திருவனந்தபுரத்தில் பி.காம்., பி.பி.ஏ., எம்.காம். படிக்கும் தமிழ் மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் வழிகாட்டுவது எங்கள் பணி. கரமனை, சாலைப் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் குடும்பங்களின் பிள்ளைகளும், நாகர்கோவில், குழித்துறை, பாறசாலை வழியாக ரயிலில் தினமும் வந்து போகும் பிள்ளைகளும் எங்களிடம் வருகிறார்கள். இறுதியாண்டு நெருங்கும்போது அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ வேலை வாங்கித் தருவதாக ஒரு கன்சல்டன்சி சொல்கிறது. நம்பிப் போகலாமா?" இதற்கு ஆளுக்கொரு பதில் சொல்வதை நிறுத்திவிட்டு, அமைப்பாகக் கூடி விவாதித்து இந்த அறிக்கையை வெளியிடுகிறோம்.

நிலைப்பாடு சுருக்கமாக

கன்சல்டன்சி என்று அழைக்கப்படும் ஆள்சேர்ப்பு ஏஜென்சிகளால் கல்லூரி மாணவர்களுக்கு உதவ முடியும். ஆனால் அந்த உதவிக்கு எல்லை உண்டு. ஏஜென்சிக்குக் கட்டணம் கொடுப்பது நிறுவனம். ஆகவே ஏஜென்சி நிறுவனத்துக்காகவே ஆள் தேடுகிறது. மாணவர் பக்கம் நின்று வேலை தேட வேண்டிய கடமை கல்லூரிக்கும் அரசுக்கும் உரியது. அதை ஏஜென்சிகளிடம் தள்ளிவிடக் கூடாது. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், முன்பணம் என்று எந்தப் பெயரிலும் வேலை தேடும் மாணவரிடம் பணம் வாங்குவதை நாங்கள் எதிர்க்கிறோம்.

இந்த ஊரில் நிதி வேலைக்கு மூன்று வழிகள்

ஏஜென்சியால் எங்கே உதவ முடியும் என்று சொல்வதற்கு முன் வேலைகள் எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

முதல் வழி, போட்டித் தேர்வு. 1945-இல் திருவாங்கூர் பேங்க் என்று தொடங்கிய ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் இந்த ஊரைத் தலைமையகமாகக் கொண்டிருந்தது. 2017 ஏப்ரல் 1 அன்று அது பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைந்தது. அதன் பிறகு இங்குள்ள பட்டதாரி ஸ்டேட் வங்கியின் அகில இந்தியத் தேர்வைத்தான் எழுத வேண்டும். மற்ற பொதுத்துறை வங்கிகளுக்கு ஐ.பி.பி.எஸ். தேர்வு நடத்துகிறது. ரிசர்வ் வங்கி, நபார்டு, எல்.ஐ.சி. ஆகியவற்றுக்குத் தனித் தேர்வுகள் உண்டு. 2019 நவம்பரில் உருவான கேரள வங்கியும் கே.எஸ்.எஃப்.இ.யும் கேரள பி.எஸ்.சி. மூலம் ஆள் எடுக்கின்றன. தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களின் எழுத்தர் பணிகளுக்குக் கூட்டுறவுப் பணித் தேர்வு வாரியம் இருக்கிறது. இந்த வழியில் எந்த ஏஜென்சிக்கும் இடமே இல்லை. "ஸ்டேட் வங்கியில் ஆள் இருக்கிறது, போட்டுத் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அது பொய். மேற்கொண்டு விசாரிக்க அதில் எதுவும் இல்லை.

இரண்டாம் வழி, தனியார் நிறுவனங்கள். 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க்கைப் பலரும் மென்பொருள் வளாகம் என்றே எண்ணுகிறார்கள். ஆனால் இ.ஒய்., அலையன்ஸ், ஹெச் அண்ட் ஆர் பிளாக் போன்ற நிறுவனங்கள் இங்கே இயங்குகின்றன. வரி, தணிக்கை, காப்பீடு சார்ந்த வெளிநாட்டு வேலைகள் கழக்கூட்டத்தில் உள்ள இந்த வளாகத்தில் உட்கார்ந்து செய்யப்படுகின்றன. ஊருக்குள் முத்தூட் ஃபின்கார்ப் போன்ற நிதி நிறுவனத்தின் தலைமையகமும், தனியார் வங்கிகளின் கிளைகளும் இருக்கின்றன. ஏஜென்சிகள் உண்மையில் வேலை செய்யும் இடம் இந்த இரண்டாம் வழிதான்.

மூன்றாம் வழி, சி.ஏ. அலுவலகங்கள், வரி ஆலோசகர்கள், சாலைக் கடைத்தெருவின் மொத்த வியாபாரிகள். இங்கே நேரில் போய்க் கேட்பதும், தெரிந்தவர் சொல்லி விடுவதும்தான் நடைமுறை. சி.ஏ. படிப்பவர்களுக்கு ஆர்ட்டிகிள்ஷிப் இப்போது இரண்டு ஆண்டுகள். மற்ற பட்டதாரிகளும் ஓராண்டு இந்த அலுவலகங்களில் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், டி.டி.எஸ்., வங்கிச் சரிபார்ப்பு என்று கைப்பழக்கம் பெற்றால், அதன் பிறகு ரெஸ்யூமேயில் எழுதுவதற்கு உண்மையான அனுபவம் இருக்கும். சம்பளம் குறைவு என்பதால் பிள்ளைகள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது சரியான கணக்கு அல்ல என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஏஜென்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது

நம் நாட்டில் பரவலாக உள்ள வழக்கம் இது: ஏஜென்சி அனுப்பிய ஆள் வேலையில் சேர்ந்தால், அவருடைய ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதத்தை, அதாவது ஒரு மாதச் சம்பளத்தை, நிறுவனம் ஏஜென்சிக்குக் கொடுக்கும். ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் சம்பளம் என்றால் ஏஜென்சிக்குச் சுமார் 25,000 ரூபாய். சேர்ந்தவர் ஒப்பந்தத்தில் குறித்த சில மாதங்களுக்குள் விலகினால் ஏஜென்சி இன்னொருவரை இலவசமாகத் தேடித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் பெரும்பாலும் இருக்கும்.

நிறுவனத்தின் இடத்தில் இருந்து இந்தக் கணக்கைப் பாருங்கள். அனுபவமில்லாத பட்டதாரிகள் வேண்டுமென்றால் ஒரு கல்லூரிக்கு நேராகப் போய் ஒரே நாளில் பலரைத் தேர்ந்தெடுக்கலாம். தலைக்கு 25,000 ரூபாய் கொடுக்கத் தேவையில்லை. இரண்டு ஆண்டு அமெரிக்க வரி வேலை தெரிந்தவர் வேண்டும், பத்து நாளில் வேண்டும் என்றால் அப்போது ஏஜென்சிக்குக் கொடுப்பதில் லாபம் உண்டு. படித்து முடித்த உடனே கன்சல்டன்சிக்கு ரெஸ்யூமே அனுப்பிய பிள்ளைக்கு மாதக்கணக்கில் போன் வராததற்குக் காரணம் இதுதான். பிள்ளையின் தகுதிக் குறைவு என்று பெற்றோர் அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உலகின் பெரிய நிதிச் சந்தைகளிலும் இதே ஒழுங்கைக் காணலாம். லண்டனிலும் நியூயார்க்கிலும் பெரிய வங்கிகள் மாணவர்களைக் கல்லூரி வழியாகவும் கோடைக்கால இன்டர்ன்ஷிப் வழியாகவும் தாமே நேரடியாக எடுக்கின்றன. ஏஜென்சிகள் வருவது அதற்குப் பிறகு. அங்கே தனியார் முதலீட்டு நிறுவனங்களுக்காக ஆள் தேடுவோர், வங்கியில் சேர்ந்த புதியவர்களை உடனுக்குடன் இழுக்கத் தொடங்கியதால், 2025 ஜூனில் ஜே.பி.மார்கன் வங்கி தன் புதிய ஊழியர்களை எச்சரித்தது: சேர்ந்த 18 மாதங்களுக்குள் வேறிடத்தில் எதிர்கால வேலையை ஒப்புக்கொண்டால் பணிநீக்கம் செய்வோம் என்றது. ஏஜென்சிகளின் ஆர்வம் முழுவதும் வங்கி ஏற்கெனவே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த ஆள்மீதுதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

எங்கே உதவுகிறார்கள்

நேர்மையான ஏஜென்சிகளை நாங்கள் மதிக்கிறோம். அவர்களால் மாணவர்களுக்குக் கிடைக்கும் நன்மைகள் உண்மையானவை.

வரிக் காலம் போன்ற நெருக்கடியில் ஒரு நிறுவனம் மொத்தமாக ஆள் எடுக்கும்போது, கேம்பஸுக்கு யாரும் வராத கல்லூரியின் பிள்ளைகளுக்கும் ஏஜென்சி மூலம் இன்டர்வியூ கிடைக்கிறது. நகரின் பெயர்பெற்ற கல்லூரிகளுக்கு வரும் நிறுவனங்கள் எல்லைப்புறக் கல்லூரிகளுக்கு வருவது அரிது என்பதால் இது சிறிய உதவி அல்ல. நல்ல ஏஜென்சி நைட் ஷிஃப்ட் உண்டா, டார்கெட் உண்டா, கைக்கு வரும் சம்பளம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே சொல்லும். இன்டர்வியூவில் தவறியவரிடம் எங்கே தவறினார் என்று சொல்லும். ஓராண்டு அனுபவம் பெற்ற பிறகு சென்னைக்கோ பெங்களூருக்கோ கொச்சிக்கோ மாற விரும்புபவருக்கு ஏஜென்சி மிகவும் பயன்படும்.

ஒப்பந்த வேலைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சில சமயம் வேலை செய்வது பெரிய நிறுவனத்தில். சம்பளம் கொடுப்பது ஏஜென்சி. இது சட்டப்படியான முறைதான். ஆனால் ஆஃபர் லெட்டரில் யார் பெயர் இருக்கிறது, பி.எஃப். யார் கட்டுகிறார், ஒப்பந்தம் எத்தனை மாதம் என்பது சேரும் முன்பே மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கே கெடுக்கிறார்கள்

பணம் கேட்பது முதல் தீங்கு. 2022 டிசம்பரில் இதே ஊரில் டிராவன்கூர் டைட்டானியம் நிறுவனத்தில் வேலை வாங்கித் தருவதாகப் பலரிடம் லட்சக்கணக்கில் பணம் பறிக்கப்பட்டது வெளியானது. காவல்துறை வழக்குகள் பதிவு செய்தது. அது நிதித்துறை வேலை இல்லை என்றாலும் பாடம் பொதுவானது. உறுதியான வேலைக்கான ஏக்கம் இருக்கும் ஊரில் அந்த ஏக்கத்தை விற்பவர்களும் இருப்பார்கள்.

இரண்டாவது தீங்கு, கமிஷன் வேலையைச் சம்பள வேலையாகக் காட்டுவது. "ஃபினான்ஷியல் அட்வைசர்", "ரிலேஷன்ஷிப் ஆபீசர்" என்ற பெயர்களைக் கேட்டுப் போகும் பிள்ளை, காப்பீட்டு முகவராகச் சேர்ந்து உறவினர் வீடுகளில் பாலிசி விற்கிறது. முகவர் தொழில் கௌரவமான தொழில்தான். ஆனால் அதை வேலை நியமனம் என்று சொல்லிச் சேர்ப்பது ஏமாற்று.

மூன்றாவது, அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வது. நான்காவது, மாணவரைக் கேட்காமலே அவருடைய ரெஸ்யூமேயைப் பல இடங்களுக்கு அனுப்புவது. பின்னர் மாணவர் அதே நிறுவனத்துக்குத் தாமே விண்ணப்பிக்கும்போது, இந்தப் பெயர் ஏற்கெனவே ஏஜென்சி வழியாக வந்திருக்கிறது என்று விண்ணப்பம் ஒதுக்கப்படலாம்.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181-ஆம் உடன்படிக்கை 1997-இல் ஏற்கப்பட்டது. தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சிகள் தொழிலாளரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பது அதன் பொதுவிதி. இந்தியா அதை இன்னும் உறுதி செய்யவில்லை. பிரிட்டனில் 1973-ஆம் ஆண்டுச் சட்டம் வேலை தேடித் தருவதற்கு வேலை தேடுபவரிடம் பணம் வாங்குவதைத் தடுக்கிறது.

நம் நாட்டில் வெளிநாட்டு வேலைக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி ஏஜென்சி பதிவு பெற்றிருக்க வேண்டும். வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்ற உச்சவரம்பு உண்டு. வளைகுடாவில் கணக்காளர் வேலைக்குப் போக நினைப்பவர்கள் மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் ஏஜென்சியின் பதிவைச் சரிபார்க்கலாம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் கேரள அரசின் ஒடெபெக், நோர்க்கா ரூட்ஸ் ஆகிய நிறுவனங்களும் உண்டு. ஆனால் உள்நாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்சிகளுக்கு நாடு முழுவதற்குமான இத்தகைய உச்சவரம்பு இல்லை. துபாய்க்குப் போகிறவருக்கு உள்ள காப்பு கழக்கூட்டத்துக்குப் போகிறவருக்கு இல்லை என்பதை எங்களால் ஏற்க முடியாது.

எங்கள் கோரிக்கைகள்

1. கேரள அரசும் தமிழ்நாடு அரசும் உள்நாட்டு ஆள்சேர்ப்பு ஏஜென்சிகளுக்குக் கட்டாயப் பதிவு முறையைக் கொண்டுவர வேண்டும். வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவதைத் தடை செய்ய வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியலைப் பொதுவில் வைக்க வேண்டும்.

2. கல்லூரிகள் பிளேஸ்மென்ட் செல்லை ஏஜென்சிகளிடம் ஒப்படைக்கக் கூடாது. கேம்பஸுக்குள் வரும் ஏஜென்சி எந்த நிறுவனத்துக்காக வருகிறது என்பதற்கான கடிதத்தை முதலில் காட்ட வேண்டும்.

3. 2024 முதல் கேரளப் பல்கலைக்கழகங்களில் நடக்கும் நான்காண்டுப் பட்டப்படிப்பில், வணிகவியல் மாணவர்களின் இன்டர்ன்ஷிப் உள்ளூர் சி.ஏ. அலுவலகங்களிலும் கூட்டுறவு வங்கிகளிலும் உண்மையான வேலையாக அமைய வேண்டும்.

4. 2022 மார்ச்சில் தொடங்கிய தமிழ்நாட்டின் நான் முதல்வன் என்ற திறன் பயிற்சித் திட்டம் பெரும்பாலும் அந்த மாநிலக் கல்லூரிகள் வழியாகவே மாணவர்களை எட்டுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் வீடும் திருவனந்தபுரத்தில் கல்லூரியும் உள்ள பிள்ளை இடையில் விடுபடக் கூடாது. இரு அரசுகளும் பேசி இதற்கு வழி காண வேண்டும்.

5. ஏஜென்சிகள் மாணவரிடம் பணம் வாங்குவதில்லை, அசல் சான்றிதழ் வாங்குவதில்லை, ஒப்புதல் இல்லாமல் ரெஸ்யூமே அனுப்புவதில்லை என்று எழுத்தில் உறுதியளிக்க வேண்டும். அப்படி உறுதியளிப்பவர்களை எங்கள் கூட்டங்களுக்கு அழைப்போம்.

மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்

தேர்வு வழியை ஒதுக்கிவிடாதீர்கள். ஐ.பி.பி.எஸ். எழுத்தர் தேர்வைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுத முடியும். விண்ணப்பிக்கும் மாநிலத்தின் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இரண்டு மொழியும் எழுதப் படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் தமிழ்நாடு, கேரளம் என்ற இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கலாம். இந்த வசதி மற்ற பலருக்கு இல்லை. வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம் பேசி வளரும் பிள்ளைக்கு இரு மொழியிலும் எழுத்துப் பயிற்சி கொடுங்கள்.

தனியார் வேலைக்கு முதலில் நிறுவனத்தின் இணையதளத்திலும் டெக்னோபார்க்கின் வேலைப் பட்டியலிலும் நேரடியாக விண்ணப்பியுங்கள். எக்செல், டாலி, ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சலைப் பிழையின்றி எழுதுவது ஆகிய மூன்றையும் கல்லூரிக் காலத்திலேயே கைவசப்படுத்துங்கள். பங்குச் சந்தை, மியூச்சுவல் ஃபண்ட் துறைக்குப் போக விரும்பினால் செபியின் என்.ஐ.எஸ்.எம். நிறுவனம் நடத்தும் சான்றிதழ்த் தேர்வுகளை எழுதுங்கள். இவற்றுக்குப் பிறகு ஏஜென்சியிடமும் போங்கள். கூடுதல் வாய்ப்பாக அதைப் பயன்படுத்துங்கள்.

ஏஜென்சியிடம் போனால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வேலை தரும் நிறுவனம் எது? சம்பளம் யார் கணக்கிலிருந்து வரும்? உங்களுக்குப் பணம் யார் கொடுக்கிறார்? மூன்றாம் கேள்விக்கு "நிறுவனம்" என்பதைத் தவிர வேறு பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே ஆன்லைனில் பணம் கொடுத்து ஏமாந்திருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். நேரில் கொடுத்திருந்தால் காவல் நிலையத்துக்குப் போங்கள். பெற்றோர் பிள்ளையைத் திட்டி அந்த விஷயத்தை மூடி மறைக்க வேண்டாம். புகார் வராத மோசடிதான் அடுத்த வீட்டுப் பிள்ளையையும் பிடிக்கிறது.

தகுதி வளர்த்துக்கொண்ட மாணவருக்கு நேர்மையான ஏஜென்சி ஒரு துணை. பணம் கேட்கும் ஏஜென்சியை எந்த மாணவரும் எந்தக் கல்லூரியும் அண்ட விடக் கூடாது. இந்த நிலைப்பாட்டை ஏற்கும் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், சி.ஏ.க்கள், பெற்றோர் அனைவரும் எங்களோடு சேர்ந்து இதைத் தங்கள் கல்லூரிகளிலும் குடியிருப்புகளிலும் எடுத்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.