அந்த ஊர் வைரஸுக்கு அந்த ஊர் பப்பாளி



பப்பாளி போட்டிருக்கும் நண்பர்களின் கடிதங்களில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. இலை மஞ்சள் தேமலாகிச் சிறுத்துப்போகிறது, காயில் வளையம் வளையமாகப் புள்ளி விழுகிறது, என்ன மருந்து அடிக்கலாம்? இது வைரஸ் நோய். இந்த வைரஸுக்கு மருந்து இல்லை. அதைப் பரப்பும் அசுவினி பப்பாளியில் குடியிருப்பதும் இல்லை. போகிற போக்கில் இலையைக் குத்திச் சுவைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் பறந்துவிடும். அந்தச் சில விநாடிகளே வைரஸுக்குப் போதும். பூச்சிமருந்து வேலை செய்வதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

“ஹவாயில் இந்த நோய் தாக்காத பப்பாளி இருக்கிறதாமே, அந்த விதை கிடைக்குமா?” என்றும் சிலர் கேட்கிறார்கள். மரபணு மாற்றிய பப்பாளிக்கு இந்தியாவில் அனுமதி இல்லை. அது ஒருபுறமிருக்க, கொண்டுவந்து நட்டாலும் இங்கே அது தாக்குப்பிடிக்கும் என்று நம்ப முடியாது. காரணம் அந்தப் பப்பாளி பிறந்த கதையிலேயே இருக்கிறது.

ஹவாய்த் தீவின் புனா பகுதியில் இந்த நோய் தென்பட்டது 1992 மே மாதத்தில். ஹவாய் மாநிலத்துப் பப்பாளியில் நூற்றுக்கு 95 பங்கு அங்கேதான் விளைந்தது. 1998-க்குள் புனாவின் விளைச்சல் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. நல்ல வேளையாக, அதே தீவின் கரும்புத் தோட்டத்தில் வளர்ந்த டென்னிஸ் கொன்சால்வஸ் என்ற விஞ்ஞானி, கார்னெல் பல்கலைக்கழகத்தில் இந்த வைரஸைத் தாங்கும் பப்பாளிக்கான வேலையை எண்பதுகளிலேயே தொடங்கியிருந்தார். (நோய் வந்த பிறகே ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.) வீரியம் குறைந்த ஹவாய் வைரஸ் ஒன்றின் உறைப்புரத மரபணுவை எடுத்து, நுண்ணிய டங்ஸ்டன் துகள்களில் பூசி, மரபணுத் துப்பாக்கியால் பப்பாளித் திசுவுக்குள் செலுத்தியது அவருடைய குழு. அந்த வழியில் வந்த ‘ரெயின்போ’ ரக விதை 1998-இல் விவசாயிகளுக்கு இலவசமாகவே கொடுக்கப்பட்டது.

செடிக்குள் உருவாகும் உறைப்புரதம்தான் வைரஸைத் தடுக்கும் என்று முதலில் நினைத்தார்கள். உண்மையில் காவல் காத்தது மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ.தான். புகுத்திய மரபணுவின் ஆர்.என்.ஏ.வைச் செடி சிறு சிறு துண்டுகளாக வெட்டுகிறது. காவல் நிலையத்தில் ஒட்டிவைத்த தேடப்படுவோர் படம் மாதிரி அந்தத் துண்டுகளைச் செடி வைத்துக்கொள்கிறது. அதே எழுத்துவரிசையோடு வைரஸ் நுழைந்தால் அதன் ஆர்.என்.ஏ.வையும் வெட்டி எறிகிறது. முகம் மாறிய வைரஸ் தப்பிவிடும். ஹவாய் வைரஸை அடக்கிய ரெயின்போ, தாய்லாந்து, தைவான் வைரஸ்களிடம் தோற்றது இதனால்தான். தெற்குச் சீனத்தவர்கள் ரெயின்போவுக்காகக் காத்திருக்கவில்லை. தங்கள் வட்டார வைரஸின் மரபணுவையே கொண்டு ‘ஹுவாநோங்’ ரகத்தை உருவாக்கி, 2006-இல் அனுமதி பெற்றார்கள்.

இந்தியாவுக்குள்ளேயே இந்த வைரஸ் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது. அதனால் மரபணு மாற்றம் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்கு முன்னால் நம் தோட்டங்களில் இருப்பது எந்த வைரஸ் என்று தொடர்ந்து படித்து வைப்பதே அவசரம் என்பது என் கருத்து. சண்டை ஹவாயிலும் ஓயவில்லை. 2013-இல் ஹவாய்த் தீவு நிர்வாகம் புதிய மரபணு மாற்றப் பயிர்களுக்குத் தடை போட்டது, பப்பாளிக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிட்டு!

வேறொரு வழியும் தெரிகிறது. இவ்வகை வைரஸ்கள் பெருகுவதற்குச் செடியின் சொந்தப் புரதம் ஒன்றைப் பிடித்துக்கொள்கின்றன. இஸ்ரேலில் வெள்ளரியில் அந்தப் புரதத்துக்குரிய மரபணுவைத் திருத்தியபோது ஒரே திருத்தம் பல வைரஸ்களுக்குத் தடையானது. 2016-இல் வெளியான முடிவு அது. தடை இருப்பது செடியின் பக்கம் என்பதால் வைரஸின் எழுத்துவரிசையோடு ஒட்டிப் பார்க்க வேண்டிய தேவை குறைகிறது.

இப்போதைக்கு நம் கையில் இருப்பது நோயில்லாத நாற்றும், தோட்டத்தைச் சுற்றி அசுவினியை மறிக்கும் மக்காச்சோள வேலியும்தான். நோய் கண்ட மரத்தைத் தயங்காமல் பிடுங்கி அழித்துவிடுங்கள். மக்காச்சோளம் போட்டுப் பார்த்தவர்கள் எத்தனை வரிசை, எந்த மாதம், பப்பாளிக்கு எத்தனை நாள் முன்பு என்று எழுதுங்கள். பலன் கிடைக்காதவர்களும் எழுத வேண்டும். அடுத்த இதழில் அவற்றுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்