தேய்மானம் எப்போது ஆரம்பம்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்த ஆசாமி மட்டும் என் கையில் கிடைத்தால் தெரியும் சேதி. காலையில் பத்து மணிக்கு எழுந்து, பிரியாணி சாப்பிட்டு, மறுபடி ஒரு தூக்கம் போட்டுக் கண் விழித்தால் அது வந்து உட்கார்ந்திருக்கும். துணி துவைக்கவில்லை, நாளைக்குச் சட்டை அயர்ன் பண்ணவில்லை, அதெல்லாம் போகட்டும். ‘ஒரு வாரம் போச்சு’ என்று ஆரம்பித்து, ‘ஒரு வருஷம் போச்சு’ என்று தாவி, ‘நாம என்னடா பண்ணிட்டிருக்கோம்?’ என்று மனசு கேட்கும் பாருங்கள், அதற்குத்தான் பதில் கிடையாது.

(கல்யாணமானவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்களைக் கேள்வி கேட்க வேறு ஆள் இருக்கிறது.)

திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருக்கும் நண்பர் ஒருவர். பெயர் வேண்டாம், அம்மா படிப்பார்கள். தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவு, வயது 29. போன வாரம் டீக்கடையில் வைத்து ஒரு கணக்குச் சொன்னார்.

“அண்ணே, பி.எஃப். பென்ஷனுக்கு வயசு அம்பத்தெட்டு. இன்னிக்கு எனக்கு இருபத்தொம்பது. சரிபாதி தீர்ந்துபோச்சு. கையில என்ன இருக்கு? ஒரு பைக், அதுலயும் நாலு தவணை பாக்கி.”

கூட்டல் கழித்தல் சுத்தமாக இருந்தது. ஆனாலும் கணக்கு தப்பு. அடியேனும் பி.காம். என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

“தம்பி, ஒரு மெஷினை வாங்கி கோடவுன்ல வெச்சிருக்கீங்க. ஓட்டவே இல்ல. தேய்மானம் எப்பலேர்ந்து போடுவீங்க?”

“உபயோகத்துக்கு ரெடியானதுலேர்ந்துதான்.”

“நீங்க உபயோகத்துக்கு வந்தது எப்போ?”

யோசித்தார். வேலையில் சேர்ந்தது 22 வயதில். அதற்கு முன்னால் தவழ்ந்தது, பம்பரம் விட்டது, அரியர் வைத்தது எல்லாவற்றையும் மனிதர் செலவில் எழுதிவிட்டார்! 22லிருந்து 58 வரை 36 வருஷம். அதில் போனது 7. ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம்.

உடனே அடுத்த குண்டு. “அந்த 36ம் ஓடும்னு யாருண்ணே கேரண்டி? ஏஐ வந்து எங்க டிபார்ட்மெண்ட்டையே மூடிட்டா?”

நியாயமான கேள்வி. கேரண்டி கிடையாது. கடியாரக் கடையில் கொடுப்பதே ஒரு வருஷம்தான். ஆனால் இந்தப் பயம் புதுசும் இல்லை. வங்கிகளில் கம்ப்யூட்டரை நுழைப்பது பற்றி 1983ல் ஊழியர் சங்கங்களோடு ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது, அவ்வளவு கலவரம். லெட்ஜர் கூட்டும் வேலை போயே போய்விட்டது. அப்புறம் 2000-2001ல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்து ஏராளமானவர்கள் வீட்டுக்கும் போனார்கள். எல்லோருக்கும் நல்லதே நடந்தது என்று நான் புருடா விடத் தயாரில்லை. ஆனால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ‘ஏ-எஸ்-டி-எஃப்-ஜி-எஃப்’ என்று தட்டித் தட்டி விரல் வீங்கிய ஒரு தலைமுறை இருந்ததே, அவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது பார்த்தால் எழுத்தெல்லாம் அதே இடத்தில் இருந்தன. மெஷின் காயலான் கடைக்குப் போனது. விரல் வேலைக்குப் போனது.

எதிர்காலம் தெரியாமல் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருந்த இன்னொரு குமாஸ்தாவைச் சொல்கிறேன். கும்பகோணம் கல்லூரியில் ஸ்காலர்ஷிப் பறிபோனது. சென்னை பச்சையப்பனில் சேர்ந்தும் எஃப்.ஏ. பாஸ் ஆகவில்லை. 1909ல் கல்யாணம் ஆகிவிட்டது. கல்யாணமான பிறகு வேலை தேடுவது எப்படிப்பட்ட அனுபவம் என்று யாராவது மூத்தவர்களைக் கேளுங்கள். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையாலேயே அழிப்பார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. மாதம் 30 ரூபாய்.

ராமானுஜன்தான். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் போட்டார். துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா, வருஷச் சம்பளம் 20 பவுன் என்றெல்லாம் எழுதிவிட்டு, வயசு சுமார் 23 என்று சேர்த்தார். பிறந்தது 1887 டிசம்பர். அப்போது அவருக்கு 25 முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை! உலகத்தின் பெரிய பெரிய எண்களையெல்லாம் சிநேகிதம் பிடித்த மனுஷர், தன் வயசு என்று வந்ததும் இரண்டைக் கழித்துவிட்டார். கவனக்குறைவோ, கூச்சமோ! எனக்கென்னவோ கூச்சம் என்றுதான் படுகிறது. ‘இந்த வயசாகியும் இன்னும் ஒண்ணும் ஆகலையே’ என்ற அந்தக் கூச்சம் உங்களுக்கும் தெரியும்தானே?

1914 மார்ச்சில் கப்பலேறினார். 1920ல், 32 வயதில் காலமானார். அதையும் சொல்லாமல் விட்டால் நான் ஏமாற்றுக்காரன். அவரிடம் எத்தனை வருஷம் பாக்கி என்று துறைமுக ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தெரியாமலேதான் பகலில் பேரேடும் ராத்திரியில் சிலேட்டுமாக ஓட்டியிருக்கிறார்.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அவர் ஜீனியஸ்ணே. நான் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடறவன்” என்றார்.

சரி, ஜிஎஸ்டி ஆளுக்கு ஜிஎஸ்டி பாஷையிலேயே சொல்வோம். கோவிந்தப்ப நாயக்கன் தெரு மொத்த வியாபாரி கடன் கொடுக்கிறார். நூறு பேரில் சிலர் நாமம் போடுவார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். யார் என்றுதான் தெரியாது. அதற்காக ஷட்டரை இழுத்துவிட்டுப் போய்விடுகிறாரா? போன வருஷங்களின் அனுபவத்தைப் பார்த்து, வர வேண்டிய கடனில் ஒரு சிறு சதவீதத்தை லாபத்திலிருந்து தனியாக எடுத்து வைக்கிறார். பாடப் புத்தகத்தில் ‘வாரா ஐயக்கடன் ஒதுக்கு’. (பரீட்சையில் இந்தப் பெயரை எழுதியே ஒரு பக்கம் நிரப்பியவர்கள் உண்டு.) யாராவது கம்பி நீட்டினால் அந்த ஒதுக்கிலிருந்து கழித்துக்கொண்டு, அடுத்த கஸ்டமருக்குச் சரக்கு எடுத்துப் போடுகிறார்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்த ஒதுக்கைக் கணக்கு முடிக்கிறபோது உட்கார்ந்து ஒரு தடவை போடுவார்கள். ராத்திரி ரெண்டு மணிக்குப் பாயிலிருந்து எழுந்து ஒதுக்கு போடும் அக்கவுண்டண்ட்டை நான் பார்த்ததே இல்லை.

என் பிழைப்பைச் சொல்கிறேன். பத்திரிகைகளுக்கு எழுதிச் சம்பாதிக்கிறவன். பெண் பார்க்கப் போன இடத்தில் பெரியவர், “மாசம் எவ்வளவு வரும்?” என்றார். “வர்ற மாசம் வரும் சார், வராத மாசம் வராது” என்றேன். காபி அதற்கப்புறம் வரவில்லை. ஆனால் வருகிற மாதத்தில் முதல் வேலையாக ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறேன். உங்களுக்குத் தபாலாபீஸ் ஆர்.டி. இருக்கிறது, மாதம் நூறு ரூபாயிலிருந்து கட்டலாம், அஞ்சு வருஷம். பணக்காரனாக ஆக முடியாது. ஆனால் ஞாயிறு ஆறு மணிக்கு மனசு கேள்வி கேட்கும்போது காட்டுவதற்கு ஒரு பாஸ்புக் இருக்கும்.

தேதி போட்ட பயம் வேறு ஜாதி. அதற்கு ஒதுக்கெல்லாம் போதாது. பொதுத்துறை வங்கி ஆபீசர் பரீட்சைக்கு வயசு 20லிருந்து 30 வரைதான். சலுகை உள்ளவர்களுக்கு இன்னும் சில வருஷம். முடிந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள், ‘வயசு வெறும் நம்பர்தான் சார்’ என்று நீங்கள் அங்கே போய் வசனம் பேச முடியாது. நண்பர் மூணு வருஷமாக எழுதப் போகிறேன், எழுதப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருப்பது இந்தப் பரீட்சையைத்தான். அன்றைக்கு டீக்குக் காசு அவர் கொடுத்தார். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று ராத்திரி போன். விண்ணப்பம் பாதி முடித்துவிட்டாராம். போட்டோ ஏற்றியாச்சு, கையெழுத்து ஏற்றியாச்சு. இடது கைப் பெருவிரல் ரேகை வேண்டுமாம். மேன்ஷன் மூணு மாடியிலும் ஒருத்தனிடமும் இங்க் பேடு இல்லை. “அண்ணே, உங்ககிட்ட இருக்கா?” என்றார். நானே செக்கில் கையெழுத்துப் போட அடுத்தவரிடம் பேனா வாங்குகிறவன். கீழே மளிகைக்கடை அண்ணாச்சியிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னேன்.