எடுத்தலும் தேர்ந்தெடுத்தலும்

பொருள் ஈட்டுதற்கெனச் செய்யும் தொழில் ஒன்று. உள்ளம் உவந்து செய்யும் தொழில் மற்றொன்று. முன்னதற்குக் கூலி உண்டு. பின்னதற்குச் செலவே உண்டு. ஆயினும், பின்னதன்கண் மக்கள் காட்டும் ஊக்கம் சிறிதன்று. வாரம் முழுவதும் வங்கியிலும் பள்ளியிலும் பணிமனையிலும் உழைத்தவர், விடுமுறை நாளில் விடியுமுன் எழுந்து, தோளில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு ஏரிக்கரைக்குச் செல்கின்றனர். அவரை அங்கே ஏவியவர் எவரும் இலர். நீர்ப்பறவை ஒன்று சிறகு விரிக்கும் ஒரு நொடிக்காக இரண்டு நாழிகை சேற்றில் நின்று வீடு திரும்புகின்றனர். எடுத்த படத்தைத் தம்மையொத்த ஆர்வலரிடம் காட்டி, 'நன்று' என்னும் ஒரு சொல்லைப் பெறுவதே அவர் பெறும் ஊதியம்.

படம் எடுப்போர் ஒருங்கு கூடித் தத்தம் படங்களைக் காட்டி மகிழும் வழக்கம் பழைமையானது. புகைப்படக் கலை 1839 ஆம் ஆண்டில் உலகறிய வெளிப்பட்டது. அதன்பின் இருபது ஆண்டுகள் கழியுமுன்னரே சென்னையில் புகைப்பட ஆர்வலர் கழகம் ஒன்று தோன்றிவிட்டது. இத்தகைய கூட்டங்களில் ஒரு வழக்கு ஓயாது நிகழ்ந்துகொண்டே இருக்கும். எந்தக் கருவி சிறந்தது என்பதே அவ்வழக்கு. இந்நாளில் அது ஃபிலிம் கேமராவுக்கும் டிஜிட்டல் கேமராவுக்கும் இடையே நிகழ்கின்றது. ஒரு பக்கத்தார் ஃபிலிமில் உயிர் உண்டு என்பர். மறு பக்கத்தார் டிஜிட்டலில் தெளிவு உண்டு என்பர். இருவர் படங்களையும் பெயர் மறைத்து அருகருகே வைத்தால், எது எதுவெனப் பிரித்தறிய இயலாது இருவரும் விழிப்பதும் உண்டு.

இரண்டின் இயல்பையும் சிறிது அறிதல் வேண்டும். ஃபிலிம் என்பது ஒரு மெல்லிய சுருள். ஜெலட்டின் என்னும் பசையிற் கலந்த வெள்ளி உப்பின் நுண்படிகங்கள் அதன்மேற் பூசப்பட்டிருக்கும். ஒளி பட்ட படிகங்கள் கண்ணுக்குப் புலனாகாத மாற்றம் ஒன்றை அடையும். பின்னர் இருட்டறையில் மருந்து நீரில் கழுவும்பொழுது அப்படிகங்கள் கரிய வெள்ளித் துகள்களாக மாறும். ஒளி படாதவை வேறொரு மருந்தாற் கரைத்து நீக்கப்படும். ஆதலின், ஒளி மிக்க இடம் கருமையாகவும், நிழல் படிந்த இடம் வெளிறியும் தோன்றும். இதுவே நெகடிவ் எனப்படுவது. இதனூடே மீண்டும் ஒளியைச் செலுத்தித் தாளிற் பதித்தால் கருமை வெண்மையாகும், வெண்மை கருமையாகும். இக்கலையின் பயனை நிழற்படம் என்பார் ஒருசாரார். ஒளிப்படம் என்பார் மற்றொருசாரார். நெகடிவைக் கையில் ஏந்திப் பார்த்தவர்க்கு இரு பெயரும் பொருந்தும் என்பது விளங்கும். இதிற் புகைக்கு வேலையே இல்லை. ஆயினும், புகைப்படம் என்பதே நாட்டில் வேரூன்றிவிட்டது. வழக்கை வெல்ல இலக்கணத்தால் ஆகுமோ?

டிஜிட்டல் கேமராவில் ஃபிலிம் இருந்த இடத்தில் சிலிக்கன் சில்லு ஒன்று அமர்ந்திருக்கின்றது. அதன் பரப்பு பல இலட்சம் நுண்கட்டங்களாக வகுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டமும் தன்மேல் விழும் ஒளியின் அளவுக்கேற்ப மின்னூட்டம் பெறும். அம்மின்னூட்டம் எண்ணாக மாற்றப்பட்டுச் சேமிக்கப்படும். இவ்வகைக் கேமராவை முதன்முதல் அமைத்தவர், ஃபிலிம் விற்றுச் செழித்த ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்திலேயே பணியாற்றிய ஸ்டீவன் சாசன் என்னும் இளம்பொறியாளர். 1975 இல் அவர் அமைத்த கருவியில் 10,000 கட்டங்களே இருந்தன. ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிக்க அதற்கு 23 வினாடிகள் பிடித்தன. அந்தப் பிள்ளை வளர்ந்து தன்னை ஈன்ற வீட்டையே அசைத்துவிட்டது. 2012 இல் கோடக் நிறுவனம் கடன் தீர்க்க இயலாது நீதிமன்றத்தின் காப்பை நாடியது. உதகமண்டலத்தில் இந்திய அரசு 1960 இல் நிறுவிய ஃபிலிம் ஆலையும் பின்னாளில் மூடப்பட்டது. ஆயினும் ஃபிலிம் மாய்ந்துவிடவில்லை. 2024 இல் பென்டாக்ஸ் என்னும் பெயரில் புதியதொரு ஃபிலிம் கேமராவே வெளிவந்தது.

ஒளி சிறிது மிகினும் பொறுத்துக்கொள்வது ஃபிலிம். வெண்மை அளவு கடந்துவிட்டால் மீட்டுத் தர இயலாதது டிஜிட்டல். மங்கிய மாலையிலும் படத்திற்குப் படம் உணர்திறனை மாற்றிக்கொள்ள வல்லது டிஜிட்டல். ஒரு சுருள் முடியும் வரை ஒரே உணர்திறனோடு கட்டுண்டு கிடப்பது ஃபிலிம். இவையெல்லாம் கருவி வாங்கக் கடைக்குச் செல்வோர்க்கு உதவும் செய்திகள். இவற்றால் நல்ல படம் பிறந்துவிடுவதில்லை.

ஃபிலிம் பக்கத்தார் கூறும் மற்றொரு காரணம் இவற்றினும் ஆழமானது. 'ஒரு சுருளில் 36 படங்களே எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் காசு உண்டு. ஆதலால் ஃபிலிம் மனிதனை நின்று நோக்கச் செய்கின்றது. எண்ணிய பின்னரே பொத்தானை அழுத்தச் செய்கின்றது. டிஜிட்டலோ கண்ட கண்டவற்றையெல்லாம் சுடச் செய்கின்றது' என்பது அவர் வாதம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அது முழு உண்மையன்று.

இதே குற்றம் ஒருகால் ஃபிலிமின் மீதும் சாட்டப்பட்டது என்பதனை அவர் மறந்துவிட்டனர். ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888 இல் முதற் கோடக் கேமராவை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதனுள் 100 படங்களுக்குரிய சுருள் முன்னரே அடைக்கப்பட்டிருந்தது. எடுத்து முடித்தவர் கேமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டால், படங்களைக் கழுவி அச்சிட்டுப் புதுச் சுருளும் இட்டு அனுப்புவர். 1900 இல் 'பிரௌனி' என்னும் கேமரா ஒரு டாலருக்கே கிடைத்தது. சிறுவரும் படம் எடுக்கத் தொடங்கினர். அதுவரை கனத்த பெட்டியும் முக்காலியும் கண்ணாடித் தகடும் சுமந்து திரிந்த வல்லுநர், கையடக்கக் கேமராவை விளையாட்டுப் பொருள் என்று இகழ்ந்தனர். எண்ணாமல் எடுப்போர் பெருகிவிட்டனர் என்று வருந்தினர்.

அவ்விகழ்ச்சியைப் பொருட்படுத்தாதவருள் ஒருவர் அமெரிக்க நாட்டு ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ். 1893 பிப்ரவரியில் நியூயார்க் நகரில் கடும் பனிப்புயல் வீசிற்று. அவர் கையடக்கக் கேமரா ஒன்றை ஏந்தி, ஐந்தாம் அவென்யூ என்னும் பெருந்தெருவின் ஓரத்தில் மூன்று மணி நேரம் காத்து நின்றார். பனியைக் கிழித்துக்கொண்டு குதிரை வண்டி ஒன்று முன்னேறி வந்தது. பொருந்திய நொடியில் அதனைப் படமாக்கினார். அத்துடன் அவர் வேலை முடிந்துவிடவில்லை. நெகடிவில் வேண்டாத பகுதிகளை வெட்டி ஒதுக்கி, வண்டியும் பனியும் வழியுமே எஞ்சுமாறு செய்தார். இன்று உலகம் போற்றும் அப்படம், அவர் எடுத்த நெகடிவின் ஒரு பகுதியே. விரைந்து எடுக்கவல்ல கருவி கையில் இருந்தும் அவர் விரையவில்லை. எடுக்குமுன் ஒருமுறை தேர்ந்தார். எடுத்த பின்னும் ஒருமுறை தேர்ந்தார்.

இனி, இதற்கு மாறானது ஒன்றைக் காண்க. சிகாகோ நகரில் பிறர் வீட்டுக் குழந்தைகளை வளர்க்கும் செவிலியாகப் பணியாற்றியவர் விவியன் மையர் என்னும் பெண்மணி. ஓய்வு நேரமெல்லாம் தெருத்தெருவாகச் சென்று படம் எடுத்தார். அவர் பெரிதும் கையாண்டது ஒரு சுருளில் 12 படங்களே எடுக்கத்தக்க ரோலிபிளெக்ஸ் கேமரா. எடுத்தவற்றை அவர் பெரும்பாலும் பிறர்க்குக் காட்டியதில்லை. பல சுருள்களைக் கழுவியதும் இல்லை. வாடகை செலுத்தப்படாமையால் அவர் பொருள் வைத்திருந்த அறையிலிருந்தவை 2007 இல் ஏலத்திற்கு வந்தன. அவற்றை வாங்கியோர் ஆராய்ந்தபொழுதே, நூறாயிரத்திற்கும் மேற்பட்ட படங்களை எடுத்த பெருங்கலைஞர் ஒருவர் வெளிப்பட்டார். 2009 இல் அம்மையார் மறைந்தார். அவர் புகழ் அதன் பின்னரே பரவிற்று. எடுக்குமுன் தேர்வதில் அவர் கண் மிகக் கூரியது. எடுத்த பின் தேரும் வேலையை அவர் பெரும்பாலும் செய்யவில்லை. முன்பின் அறியாதார் செய்தனர். தாம் எவற்றை உலகிற்குக் காட்ட விரும்பியிருப்பார் என்பதனைச் சொல்ல இன்று அவர் இல்லை. 12 படங்களே கொண்ட சிறு சுருள் அவரை அவ்வேலை செய்யத் தூண்டிற்றா? இல்லையே! ஃபிலிம் முன்தேர்வைக் கற்பிக்கலாம். பின்தேர்வை அதுவும் கற்பிப்பதில்லை.

டிஜிட்டல் கேமராவால் விளைந்த பெருநன்மை ஒன்றை ஃபிலிம் பக்கத்தார் எளிதில் மறந்துவிடுகின்றனர். ஃபிலிமிற் பிழை செய்தவன் அதனை அறிய ஒரு கிழமை காத்திருத்தல் வேண்டும். கடையிலிருந்து படம் கழுவி வரும்பொழுது, எத்துணைத் துளை வைத்து எவ்வளவு நேரம் திறந்து எடுத்தான் என்பது மறந்தே போயிருக்கும். டிஜிட்டல் கேமராவோ அவ்விரண்டையும் படத்தோடு சேர்த்தே குறித்து வைக்கின்றது. பிழையை அப்பொழுதே காட்டுகின்றது. கற்பதற்குக் காசு இல்லாத மாணவனும் நூறு முறை தவறி நூற்றோராம் முறை தேறலாம். காசுள்ளவர்க்கே உரியதாய் இருந்த பயிற்சி ஏழைச் சிறுவனுக்கும் கிட்டியது எளிய செய்தியா?

குறை அப்பயிற்சிக்குப் பின்னரே தோன்றுகின்றது. தேறிய படம் ஒன்று கிடைத்த பின்னும், தவறிய நூறும் உடன் கிடக்கின்றன. ஆர்வலர் கூட்டத்திற் சிலர் ஒரே மலரை நாற்பது கோணத்தில் எடுத்து நாற்பதையும் காட்டுவர். முதற்படத்தைக் கண்டு வியந்தவர் பத்தாம் படத்தில் அயர்வர். இருபதாம் படத்திற் கடிகாரத்தை நோக்குவர். அந்நாற்பதில் மிகச் சிறந்தது ஒன்று இருந்திருக்கும். ஆனால் அதனைத் தேடி எடுக்கும் வேலையைக் காண்போர் தலையிற் சுமத்துவது முறையன்று. நற்றிணையையும் அகநானூற்றையும் புறநானூற்றையும் தொகுத்த சான்றோர், கிடைத்தவற்றையெல்லாம் அள்ளி நிறைக்கவில்லை. நானூறு என்று எல்லை வகுத்தனர். அகப்பாடல்களுக்கு அடியளவும் வகுத்தனர். பாடியவர் திறத்தோடு தொகுத்தவர் திறமும் சேர்ந்தே அந்நூல்கள் நின்றன.

கலைக் கூட்டத்தில் நேரும் இக்குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டில் நேர்வதைப் பொறுத்தல் அரிது. முற்காலத்து வீடுகளில் ஓர் ஆல்பம் இருக்கும். அதில் நாற்பது, ஐம்பது படங்கள் இருக்கும். பாட்டியின் முகம் ஒரே ஒரு படத்தில் இருக்கும். அஃது எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதனை வீட்டிலுள்ள குழந்தையும் அறியும். இன்று ஒரு செல்பேசியிலேயே பல்லாயிரம் படங்கள் உள்ளன. அவற்றுட் பாட்டியின் படம் நானூறு இருக்கலாம். உணவுத் தட்டும், சாலையிற் கண்ட பலகையும், கடைச் சீட்டும் அவற்றோடு கலந்து கிடக்கும். பாட்டி மறைந்த நாளில் மாலை சூட்டி வைக்க ஒரு படம் வேண்டும் என்றபொழுது, வீட்டார் கலங்கிய கண்ணோடு விரலால் தள்ளித் தள்ளித் தேடி, முடிவில் எவருடைய திருமணத்திலோ கூட்டத்தினிடையே எடுத்த படத்தை வெட்டி எடுக்கின்றனர். செல்பேசி உடைந்து படங்கள் அழிவது ஓர் இழப்பு. அழியாமல் இருந்தும் கைக்கு அகப்படாமற்போவது அதனினும் பெரிய இழப்பு. ஆண்டிற்கு ஒரு நாள் வீட்டார் கூடியமர்ந்து, அவ்வாண்டுப் படங்களுள் முப்பத்தாறனை மட்டும் தேர்ந்து தாளில் அச்சிட்டு வைத்தால், டிஜிட்டலின் பெருக்கமும் ஃபிலிமின் அடக்கமும் அவ்வீட்டில் ஒருங்கே அமையும். அதற்கு ஆகும் பொருட்செலவு சிறிதே; ஆகும் மனத்துணிவு பெரிது. படத்தை நீக்குதல் எளிதன்று. எடுத்தவனுக்கு ஒவ்வொன்றும் தன் பிள்ளையாகத் தோன்றும்.

அத்தகைய துணிவு பனிக்கடலின் நடுவே ஒருவர்க்கு வேண்டியிருந்தது. எர்னஸ்ட் ஷாக்கிள்டன் தலைமையில் தென்துருவப் பகுதிக்குச் சென்ற 'எண்டியூரன்ஸ்' என்னும் கப்பல் 1915 இல் பனிப்பாறைகளிடையே சிக்கி நொறுங்கிற்று. உடன் சென்ற படக்கலைஞர் பிராங்க் ஹர்லி, கப்பலினுள் புகுந்திருந்த உறைநீரில் இறங்கித் தம் கண்ணாடித் தகடுகளை மீட்டார். ஆனால், படகிற் கொண்டு செல்லத்தக்க சுமைக்கு அளவு இருந்தது. நவம்பர் மாதத்தில் ஹர்லியும் ஷாக்கிள்டனும் பனியின்மேல் அமர்ந்து ஒவ்வொரு தகடாக எடுத்து நோக்கினர். ஏறத்தாழ 120 தகடுகளை வைத்துக்கொண்டனர். எஞ்சிய 400 தகடுகளை, பின்னர் மனம் மாறாதிருத்தற்பொருட்டு, அங்கேயே உடைத்துவிட்டனர். பெரிய கேமராக்களையும் ஹர்லி கைவிட்டார். சட்டைப்பையில் அடங்கும் சிறு கோடக் கேமரா ஒன்றும் மூன்று ஃபிலிம் சுருள்களுமே அவரிடம் எஞ்சின. ஐந்து திங்கள் கழிந்து, 1916 ஏப்ரல் 24 அன்று, எலிபென்ட் தீவின் கரையிலிருந்து ஷாக்கிள்டனும் ஐவரும் உதவி தேடிச் சிறு படகில் ஏறினர். கரையில் நின்ற ஹர்லி அந்தச் சிறு கேமராவை எடுத்தார்; படகு அலையில் இறங்கும் காட்சியைப் பதித்தார்.